பனிமலையில் பழுத்த மாம்பழம்

ஒரு கதை உண்மையா பொய்யா என்று பார்க்க எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. படித்து முடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையோடு தன் நெஞ்சையும் ஒரு தடவு தடவிக்கொண்டால் அது பொய். 'இதற்கெல்லாம் அழுகிற அளவுக்கு நல்லவனாக இருக்கிறேனே' என்ற திருப்தி அந்தத் தடவலில் இருக்கும். உண்மைக்கு ஆளைத் தடவிக்கொடுக்கத் தெரியாது.

காரைக்கால் பாரதியார் வீதியில் அச்சகம் வைத்திருப்பவனுக்கு இந்தச் சோதனையைச் செய்ய வாய்ப்பு நிறைய. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி இவற்றுக்கு அடுத்தபடி என் மிஷினில் அதிகம் ஓடியவை துண்டுப் பிரசுரங்கள். ஏதோ ஒரு மலைக்கோவிலில் பாம்பு படமெடுத்துப் பேசியது. அந்தச் செய்தியை ஆயிரம் படி அச்சடித்துக் கொடுத்த வியாபாரிக்கு லாட்டரி விழுந்தது. கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார். இப்படிப்பட்டவை. எழுதியவர் யார், பாம்பு எந்த மொழியில் பேசியது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் வைகாசியில் வந்தது வேறு ரகம். அதில் மிரட்டல் இல்லை. நேரே நெஞ்சைப் பிழிவது.

கொண்டுவந்தவர் கைலாசநாதன். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது சம்பளத்திலிருந்துதான் ஓய்வு, பேச்சிலிருந்து அல்ல. 'காரைக்கால் நல்லெண்ணக் கழகம்' என்று ஒன்றை நடத்திவந்தார். ஆகஸ்டு பதினைந்து மற்ற இந்தியர்களுக்கு. நமக்கு அதற்கு மறுநாள் பிரெஞ்சுக்காரன் சட்டப்படி எழுதிக்கொடுத்த நாள் ஒன்று, நவம்பரில் அவன் மூட்டை கட்டிய நாள் ஒன்று என்று சுதந்திரம் தவணை முறையில் வந்தது. அதனால் கைலாசநாதனுக்கு மேடைகளும் அதிகம். மூன்றிலும் ஒரே பேச்சு, சால்வை மட்டும் வேறு.

அவர் நீட்டிய தாள் சென்னையிலிருந்து மைத்துனர் அனுப்பியது. மைத்துனருக்கு அலுவலகத்தில் யாரோ கொடுத்தார்களாம். அந்த யாரோவுக்கு இன்னொரு யாரோ. கதை இதுதான். எழுபத்தொன்று யுத்தம். பனி மூடிய எல்லை. தென்னாட்டுக் கடலோரக் கிராமத்துச் சிப்பாய் ஒருவர் காலில் குண்டுபட்டுக் கிடக்கிறார். கொஞ்சம் தள்ளி எதிரிச் சிப்பாய், அவருக்கு வயிற்றில். நம்மவர் தன்னிடமிருந்த கடைசி ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து எதிரிக்கு வீசுகிறார். எதிரி அழுகிறார். விடிந்ததும் எதிரியின் ஆட்கள் வந்து இருவரையும் தூக்கிப்போகிறார்கள். நம்மவருக்கு நினைவு தப்பிவிடுகிறது. பேர், ஊர் எல்லாம் மறந்துவிடுகிறது. எதிரியின் தாய் அவரைத் தன் இன்னொரு பிள்ளையாக வைத்துக் காப்பாற்றுகிறாள். இன்றும் அவர் அந்த வீட்டு வாசலில் தெற்குத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். 'தாய்மைக்கு எல்லைக்கோடு உண்டோ?' என்று தாள் கேட்டு முடிகிறது.

அவருக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது, மற்றவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்றால் இந்தக் கதையைச் சென்னைக்கு யார் வந்து சொன்னது என்று கேட்டேன். நல்ல விஷயத்தை இப்படிக் குச்சி விட்டுக் குடையக்கூடாது என்றார் கைலாசநாதன். மாங்கனித் திருவிழாவில் விநியோகிக்க இரண்டாயிரம் படி வேண்டும் என்றார்.

பிழை பார்க்க வந்த அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் மூக்குக்கண்ணாடியையே வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ரொட்டி வேணாங்க. மாம்பழம்னு போடுங்க."

இந்த ஊரில் ஒரு சமாசாரம் புனிதமாக வேண்டுமென்றால் அதில் ஒரு மாம்பழம் இருந்தாக வேண்டும். காரைக்கால் அம்மையாருக்குக் கிடைத்தது மாம்பழம் என்பதால் ஆனிப் பௌர்ணமிக்குச் சாமி வீதியுலா வரும்போது மாடியெல்லாம் ஏறி நின்று மாம்பழமாக வீசுவோம். கீழே நிற்பவர்கள் முந்தானை ஏந்திப் பிடிப்பார்கள். மண்டையில் பட்டாலும் பாக்கியம்தான். அதெல்லாம் சரி, ஆனால் சிப்பாய் கிடப்பது டிசம்பரில், பனிமலையில். அந்த மாசத்தில் நம் ஊர் மரத்திலேயே பூதான் இருக்கும், அங்கே பழம் ஏதுங்க என்றேன்.

"நீங்க எழுத்தைக் கோத்துப் போடுங்க. காயா பழமான்னு நான் பாத்துக்கிறேன்."

கோர்த்தேன். அதோடு 'தென்னாட்டுக் கடலோரக் கிராமம்' என்பதைக் 'காரைக்கால் பகுதிக் கடலோரக் கிராமம்' என்று மாற்றச் சொன்னார். ஏனென்றால் ஆபத்து நேரத்தில் மாம்பழத்தை வீசத் தோன்றுவது நம் ஊர்க்காரனுக்குத்தானே என்றார். பழத்தை வைத்ததும் அவர், அதிலிருந்து ஊரைக் கண்டுபிடித்ததும் அவர். இரண்டுக்கும் நடுவே ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

திருவிழாவில் மேலேயிருந்து பழமும் வந்தது, தாளும் வந்தது. பழம் கிடைக்காதவர்கள் தாளை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து ஊரில் நெஞ்சு தடவுகிறவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டது. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், நாலு பேர் மூக்கைச் சிந்துவார்கள். சிந்திவிட்டு அதே கையோடு பக்கத்து வயல்காரனோடு வாய்க்கால் தண்ணீருக்கு மல்லுக்கட்டப் போவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து எதிரியை மன்னிப்பது எளிது. அவன் மடை உடைக்க வரப்போவதில்லை.

என் அச்சகத்துக்கு அடுத்த கடை நூகு ராவுத்தருடைய ஜவுளிக்கடை. வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் வந்து உட்கார்ந்து தாளைப் படித்தார். படித்துவிட்டு, நெஞ்சைத் தடவாமல் காதைக் குடைந்தார்.

"எங்க மாமு சைகோன்ல கடை வெச்சிருந்தப்போ அங்க உள்ள சொல்தாக்க இதே கதையத்தான் சொல்லுவாங்களாம். பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும். அதுல ரொட்டியும் இல்ல, மாங்காயும் இல்ல. சிகரெட்டு."

"எதிரியோட அம்மா உண்டா?"

"அம்மா எங்க இருந்தா? தங்கச்சி. மாமு வாலிபத்துல கேட்ட கதைல்ல."

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள். ஆக, கதை குறைந்தது ஒரு உலக யுத்தமாவது பழையது. தங்கை தாயாகி, சிகரெட் ரொட்டியாகி, ரொட்டி மாம்பழமாகி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இதை நான் டீக்கடையில் சொன்னேன். எல்லாரும் என்னைக் கரப்பான் பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் ஊருக்கு நஷ்டமில்லை. ஆனால் நல்லவர்களுக்கு அழுதால் மட்டும் போதாது. அழுததற்கு ஒரு விலாசம் வேண்டும். 'காரைக்கால் பகுதிக் கடலோரக் கிராமம்' என்றால் எது, யார் அந்தச் சிப்பாய் என்று தேட ஆரம்பித்தார்கள். மண்டபத்தூர்ச் செல்லையன் அகப்பட்டான்.

செல்லையன் எழுபத்தொன்றில் பட்டாளத்தில் இருந்தவன். மாசி மாசம் கல்யாணம், சித்திரையில் ரயில் ஏறினான். அந்த மார்கழியில் 'காணவில்லை' என்று தந்தி வந்தது. பிறகு, இறந்ததாகவே கருத வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. காரியம் செய்தார்கள். அவன் பெண்டாட்டி அஞ்சுகம் பத்தாவது படித்தவள் என்பதால் கோட்டுச்சேரிக் கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தர் வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவளும் மாமியார் காசியம்மாவும் ஒரே வீட்டில். காசியம்மாவுக்கு வேறு பிள்ளை கிடையாது. பத்து வருஷமாக இந்த இரண்டு பெண்களைப் பற்றி நல்லெண்ணக் கழகத்துக்கு ஒரு நல்ல எண்ணமும் தோன்றியதில்லை.

அஞ்சுகத்துக்கு வேறொரு யோசனை இருந்தது. மின்துறையில் லைன்மேனாக இருந்த பாலகுருவும் அவளும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவுசெய்து, ஆடி பிறப்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்திருந்தார்கள். இப்படிச் சட்டப்படி பதிவுக் கல்யாணம் என்றால் இருவர் பேரையும் ஒரு மாசம் அலுவலகப் பலகையில் ஒட்டிவைப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர் வந்து சொல்லலாம். அதைப் படிப்பதற்கென்றே சிலர் இந்த ஊரில் தினம் சைக்கிளில் வருகிறார்கள்.

செய்தி கைலாசநாதன் காதுக்குப் போனது. அவர் அதிர்ந்ததை நான் நேரில் பார்த்தேன். ஒரு மனிதன் அந்நிய மண்ணில் வாசலில் உட்கார்ந்து தெற்கே பார்த்துக்கொண்டிருக்கிறான், இங்கே அவன் மனைவி லைன்மேனைப் பார்ப்பதா என்றார். ஒருவேளை அவன் செல்லையனாக இல்லாவிட்டால் என்று கேட்டேன். அப்படியானால் மாம்பழம் எப்படி வந்தது என்று என்னையே திருப்பிக் கேட்டார். கிண்டலுக்கு அல்ல. மனுஷனுக்கு நிஜமாகவே மறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்டவர் கையில் ஒரு காலத்தில் பட்டா, சிட்டாவெல்லாம் இருந்ததே.

ஆடி நடுவில் அவருக்கு இன்னொரு அஸ்திரம் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம். அதே பனி, அதே மாம்பழம், இந்தத் தடவை 'மண்டபத்தூர் வீரர் செல்லையன்' என்று பேரோடு. திருவிழாவுக்கு வந்துபோன யாரோ நம் தாளைக் கொண்டுபோய், ஊரில் அடிபட்ட பேரையும் சேர்த்து அங்கே அச்சடித்திருக்கிறார்கள். அது கடல் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. நான் அச்சடித்ததில் விட்ட ஒரு எழுத்துப் பிழைகூட அதில் அப்படியே இருந்தது. கைலாசநாதனுக்கோ அது அசரீரி. "பாருங்க, சிங்கப்பூர் வரைக்கும் தெரிஞ்சிருக்கு. உள்ளூர்ல ஒக்காந்துக்கிட்டு நீங்க சந்தேகப்படுறீங்க" என்றார்.

கழகம் வேகமெடுத்தது. காரியம் முடிந்த ஆள் உயிரோடு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கோவில் குருக்களிடம் போய்க் கேட்டார்கள். வந்தவனுக்குப் புதிதாகப் பிறந்த பிள்ளைபோலப் பேர் சூட்டி, அதே பெண்ணுக்கு மறுபடி தாலி கட்டவைக்க வேண்டும் என்றாராம் அவர். உடனே அந்த விழாவுக்கு வரவேற்புக் குழு போட்டார்கள். நடுவில் அஞ்சுகம் பாலகுருவைக் கட்டிக்கொண்டால் இவ்வளவு ஏற்பாடும் வீணல்லவா? காசியம்மாவின் கைநாட்டை வாங்கி, 'என் மகன் உயிரோடு இருக்கிறான், என் மருமகள் மறுமணம் செல்லாது' என்று ஆட்சேபணை மனு கொடுத்தார்கள். அத்தாட்சியாக என் அச்சகத்துத் தாளையும் சிங்கப்பூர்த் தாளையும் சேர்த்துக் குத்தினார்கள்.

மனுவை விசாரிக்க ஆவணி முதல் வாரத்தில் தேதி குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு அஞ்சுகம் அச்சகத்துக்கு வந்தாள். முப்பது வயதுப் பெண்; அலுவலகம் விட்ட நேரம், கையில் சாப்பாட்டுத் தூக்கு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாளைக் காட்டி, இதில் மாம்பழம் எப்படி வந்தது என்று நேராகக் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"இதை அங்க வந்து சொல்லுவீங்களா சார்?"

"சொல்றேம்மா. ஆனா இவங்க நம்பணுமே."

"இவங்க நம்ப வேணாம். ஆபீசர் காதுல விழுந்தா போதும்."

மாமியார் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்வதில்லை என்றாள். தினம் நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களுக்கு அவளே வரக்காப்பி போட்டுக் கொடுக்கிறாளாம். "இந்த மனு நின்னுட்டா பாலகுருவும் எத்தனை நாளு சார் காத்துக்கிட்டு இருப்பாரு? அவரு வீட்ல இப்பவே வேற எடம் பாக்குறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

விசாரணை அன்று அறை நிறையக் கழகத்தார். ஒருவர் மடியில் மஞ்சள் பை, அதற்குள் சால்வை. மனு ஜெயித்ததும் 'காத்திருக்கும் கற்பரசி' என்று அஞ்சுகத்துக்குப் போர்த்துவதாக ஏற்பாடு. அவளிடம் கேட்கவில்லை. சிலைக்கு மாலை போடுகிறவன் சிலையைக் கேட்டுக்கொண்டா போடுகிறான்?

பதிவு அதிகாரி சுப்ராயன், புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். பார்த்தால் நல்ல மாதிரி. ஆனால் மனுவைப் பிரித்ததும் முதலில் அவர் சொன்னது, "இந்த நோட்டீசை எங்க வீட்லயும் படிச்சோம். அம்மா அன்னிக்குச் சாப்பிடவே இல்ல" என்பதுதான். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீதிபதியே சாட்சிக்காரனின் ரசிகர்.

கைலாசநாதனுக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை, எழுந்தார். மனிதகுலம், தாய்மை, தமிழ்ப் பெண்மை என்று மூன்று படி ஏறிப் பிறகுதான் விஷயத்துக்கு இறங்கினார். சென்னையிலிருந்து ஒரு கடிதம், காரைக்காலில் ஒரு பிரசுரம், சிங்கப்பூரிலிருந்து ஒரு பிரசுரம். "மூணு ஊரு, மூணு காகிதம், ஒரே சேதி. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? அந்த மாம்பழம் ஒண்ணு போதாதா?"

சுப்ராயன் என்னைக் கூப்பிட்டார். சொன்னேன். வந்த தாளில் ரொட்டி என்றுதான் இருந்தது. என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து மாம்பழம் என்று மாற்றச் சொன்னவர் இவர். காரைக்கால் என்று சேர்க்கச் சொன்னவரும் இவர். சிங்கப்பூர்த் தாள் என் தாளின் பிள்ளை, என் பிழைகூட அதில் இருக்கிறது. நூகு ராவுத்தரின் மாமா சைகோனில் கேட்ட சிகரெட் கதையையும் சொன்னேன். ஆள் விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கைலாசநாதன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"சொன்னேன். நான் எங்க மறுத்தேன்? ரொட்டின்னு இருந்ததை மாம்பழம்னு மாத்தணும்னு எனக்கு ஏன் தோணிச்சு? இத்தனை பேரு இருக்க எனக்கு ஏன் தோணிச்சு? அதை யாராவது யோசிச்சீங்களா?"

பின்னாலிருந்து ஒருவர் "அம்மையார் வாக்கு" என்றார். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால் அது செத்துவிடும் என்று எண்ணிக்கொண்டிருந்த முட்டாள் நான். என் கண் முன்னால் அதற்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். இதுவரை வெறும் செய்தியாக இருந்தது இப்போது அருள்வாக்கு. சுப்ராயன் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அஞ்சுகம் எழுந்தாள். தான் ஒன்று சொல்லலாமா என்று கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்க்காமல் அதிகாரியின் மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு பட்டாளத்துக் கம்பெனியில இருந்த ஒருத்தரு, திருவாரூருக்குப் பக்கத்து ஆளு, அடுத்த கோடையில லீவுக்கு வந்தப்ப எங்க வீட்டுக்கு வந்தாரு. வங்காளத்துப் பக்கம் ஒரு ஆத்துல படகுல சாமான் ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. சண்டை இன்னும் அந்தப் பக்கம் வரல. படகு சாஞ்சிடுச்சு. இவருக்கு நீச்சல் தெரியாது. வந்து சொன்னவரு கண்ணால பாத்தவரு. பனியும் கிடையாது, எதிரியும் கிடையாது சார். ஒடம்பு கிடைக்கல, அதான் காணலைன்னு போட்டாங்க."

கழகத்தாரின் முகங்களைப் பார்க்க வேண்டுமே. பெண் வீட்டில் இலை போட்டுவிட்டு வெறும் சோற்றை வைத்ததுபோல இருந்தது. தண்ணீரில் சாவதாம், அதுவும் சண்டைக்கு முன்னாலாம்.

"கடலோரத்துல பொறந்தவனுக்கு நீச்சல் தெரியாதா? யாரு நம்புறது?" என்றார் கைலாசநாதன்.

"நாங்க வயக்காட்டு ஆளுங்க. ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போடத்தான் அவரு கடலுக்குப் போவாரு. அதுவும் முழங்காலுக்கு மேல எறங்க மாட்டாரு."

"இவ்வளவு நாளா இதை ஏன் சொல்லல?"

"யாரு கேட்டீங்க?" என்றாள். பிறகு, குரலைத் தணித்து, "அப்பவே முச்சந்தியில வீரமரணம்னு தட்டி வெச்சிட்டீங்க. அத்தை தெனம் அது வழியாத்தான் கடைக்குப் போவாங்க. நான் எதுக்கு அதைப் போயி கிழிக்கணும்?" என்றாள்.

கைலாசநாதன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். பெற்ற தாய் இருக்கிறாள், அவள் சொல்லட்டும் என்றார். அதுவரை சுவரோரம் குந்தியிருந்த காசியம்மா எழுந்து நின்றாள். கழகத்தார் அவளுக்கு வழிவிட்ட மரியாதையைப் பார்த்தால் அவள் இந்தப் பத்து வருஷமும் இவர்கள் தோளில்தான் பவனி வந்தாள் என்று தோன்றும்.

அந்தத் திருவாரூர்க்காரர் வந்து சொன்னது உங்களுக்குத் தெரியுமா என்று சுப்ராயன் கேட்டார்.

"தெரியும் தம்பி. எங்கிட்டதான் மொதல்ல சொன்னாரு. அப்பறம்தான் இந்தப் பொண்ணு ஆபீசுலேருந்து வந்திச்சு."

"தெரிஞ்சும் அப்பறம் ஏம்மா இதுல கைநாட்டு வெச்சீங்க?"

காசியம்மா கழகத்தாரை ஒரு சுற்றுப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வந்த விருந்தாளிகளில் யார் யாருக்குக் காப்பி கொடுத்தாயிற்று என்று பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"இந்தக் காகிதம் வந்ததுலேருந்து தெனம் நாலு பேரு வர்றாங்க. ஒக்காந்து எம் புள்ள பேரச் சொல்லிப் பேசுறாங்க. அவன் செத்தப்ப ஒருத்தரும் இப்படி ஒக்காரல. ஒடம்பு இல்லாத சாவுன்னு எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. இதுவும் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிட்டா வீட்டுல அவன் பேரச் சொல்ல யாரு இருக்கா, சொல்லு."

"நான் போறேன்னு யாரு சொன்னது அத்தை? அவருதான நம்ம வீட்டுக்கு வர்றாரு. ஒங்ககிட்ட அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னே. இவுங்க போட்ட சத்தத்துல காதுல விழல."

சிரித்தவன் நான் ஒருவன்தான். காசியம்மா மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். கைலாசநாதன், கழகம் வாபஸ் வாங்காது என்றார். கழகம் மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ என்ன உறவு என்று சுப்ராயன் கேட்டார்; அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான கேள்வி அது. இறந்ததாகக் கருத வேண்டும் என்ற ராணுவக் கடிதமே தனக்குப் போதும் என்று ஆட்சேபணையைத் தள்ளிவிட்டார். தள்ளும்போதும் அவர் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. நல்ல கதை ஒன்று வீணாகிறதே என்ற வருத்தம். வீட்டில் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வாரோ.

கொண்டுவந்த சால்வையைத் திருப்பி எடுத்துப்போகக் கழகத்துக்கு மனமில்லை. பொறுமையாக விசாரித்தார் என்று சுப்ராயனுக்கே போர்த்தினார்கள். கைலாசநாதன் நாலு வார்த்தை பேசினார்.

புரட்டாசியில் கல்யாணம் கட்டக்கூடாது என்பார்கள். அஞ்சுகம் அந்த மாசத்திலேயே கையெழுத்துப் போட்டாள். பாலகுரு மண்டபத்தூர் வீட்டுக்குத் தன் டிரங்குப் பெட்டியோடு வந்தான். சாட்சிக் கையெழுத்துப் போட நானும் நூகு ராவுத்தரும் போயிருந்தோம். கழகத்தார் யாரும் வரவில்லை. தினம் வந்துகொண்டிருந்த நாலு பேரும் விசாரணைக்கு மறுநாளே நின்றுவிட்டார்கள். ஆற்றில் விழுந்தவனைப் பற்றிப் பேச அவர்களுக்கு என்ன இருக்கிறது?

தீபாவளி நெருக்கத்தில் கைலாசநாதன் மறுபடி என் கடைக்கு வந்தார். கையில் புதுத் தாள், கோயம்புத்தூரிலிருந்து வந்தது. பனி, மாம்பழம், செல்லையன் எல்லாம் இருந்தது. முடிவு மட்டும் புதிது. கணவர் திரும்புவார் என்று காத்திருந்தே அவர் மனைவி உயிர் நீத்தார். அந்தத் துயரம் தாங்காமல் தாயும் பின்தொடர்ந்தார். ஊரே திரண்டு வந்து இருவருக்கும் கண்ணீர் அஞ்சலி செலுத்தியது. நவம்பர் விழாவுக்கு ஐந்நூறு படி வேண்டும் என்றார்.

அவர் சட்டைப்பையில் கோட்டுச்சேரி வீட்டு வரி ரசீது துருத்திக்கொண்டிருந்தது. அங்கே அவருக்கு ஒரு பூர்வீக வீடு உண்டு.

"அந்தம்மா உயிரோட இருக்காங்களே. இந்த ரசீதை எழுதிக் குடுத்ததே அவங்கதான?" என்றேன்.

"அது அஞ்சுகங்க. இது கதையில வர்ற அம்மா."

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அது. அதை மட்டும் தனியாக அச்சடித்துத் தருகிறேன், ஐந்நூறு படியும் இலவசம் என்றேன். வேறு அச்சகம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். பார்த்துக்கொண்டார். நவம்பரில் தாள் ஊரெல்லாம் பறந்தது.

அதற்கு அடுத்த வாரம் கொம்யூன் அலுவலகத்து வரி அறிவிப்பை அச்சுக்குக் கொடுக்க அஞ்சுகம் வந்தாள். தாளைப் பார்த்தாளா என்று கேட்டேன். பாலகுரு எங்கோ கம்பத்தில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டானாம். அத்தை கேட்டால் மனம் புண்படும் என்று ஒளித்துவைத்திருக்கிறாள். கிழவி கண்டுபிடித்து, படித்துக்காட்டியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாளாம். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"நான் செத்தப்ப யாரு யாரு வந்தாங்கன்னு போட்டிருக்கான்னு கேட்டாங்க சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊரே தெரண்டு வந்துச்சாம் அத்தைன்னேன். பரவாயில்லன்னாங்க."